லென்ஸைக் கழற்றி மாட்டுவதால் என்ன கிடைக்கிறது?

“டிஎஸ்எல்ஆர்ல எடுத்தா பின்னாடி தானா ப்ளர் ஆயிடும்.” “இந்த லென்ஸ் போட்டா கோபுரமே பக்கத்துல வந்துடும்.” “போன்லயே 200 மெகாபிக்சல் இருக்கு, இனிமே கேமரா எதுக்கு?” கேமரா என்று பேச்சு வந்தால் இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் விளைவுக்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு. அந்தத் தவறான காரணத்தை நம்பி நிறையப் பேர் பெரிய தொகை கொடுத்து கேமரா வாங்குகிறார்கள். கூடவே வந்த லென்ஸை ஒருநாளும் கழற்றுவதில்லை. ஆறு மாதத்தில் “போன்லயே இதைவிட நல்லா வருதே” என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவை வாங்கிவிட்டு லென்ஸை மாற்றவே இல்லை என்றால், எதற்காகப் பணம் கொடுத்தோமோ அதை இன்னும் தொடவே இல்லை என்று பொருள். படத்தை நம் விருப்பப்படி அமைக்க அந்த வசதி எப்படி உதவுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். முன்அனுபவம் எதுவும் தேவையில்லை.

உடல் வேறு, லென்ஸ் வேறு

இந்த வகை கேமராவில் இரண்டு பாகங்கள். ஒன்று உடல். ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சென்சார், திறந்து மூடி அதற்கு ஒளியை விடும் ஷட்டர், பேட்டரி, திரை எல்லாம் இதில்தான். இன்னொன்று லென்ஸ். கண்ணாடித் துண்டுகள் வரிசையாக அடுக்கிய குழாய் அது. ஒளியை வளைத்து சென்சாரில் குவிப்பது அதன் வேலை. இரண்டும் சேரும் உலோக வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். நிக்கான், கேனன், சோனி என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மவுண்ட் வேறுபடும்.

டிஎஸ்எல்ஆர் என்பது இந்த வகையில் ஒரு பிரிவு மட்டுமே. அதற்குள் ஒரு கண்ணாடி சாய்வாக நின்று, லென்ஸ் வழியே வரும் காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். அந்தக் கண்ணாடி இல்லாதது மிரர்லெஸ். லென்ஸ் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் 1925-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சிறிய 35 மி.மீ. கேமராவில் லென்ஸ் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. 1930-இல் லென்ஸைக் கழற்றும் மாடல் வந்தது. ஆனால் ஒவ்வொரு உடலுக்கும் அதற்கென்றே சரிபார்த்துக் கொடுத்த லென்ஸ்கள்தான் பொருந்தும். மவுண்டுக்கும் பிலிமுக்கும் இடையிலான தூரத்தை 1931-இல் தங்கள் எல்லாக் கேமராக்களுக்கும் ஒரே அளவாக ஆக்கினார்கள். எந்த லைக்கா லென்ஸையும் எந்த லைக்கா உடலிலும் மாட்டலாம் என்பது அப்போதுதான் நிஜமானது. மில்லிமீட்டரில் சிறு பகுதி பிசகினாலும் ஃபோகஸ் தவறிவிடும். அந்தத் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய லென்ஸ்களைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

ஜன்னல் பக்கத்தில் நின்றால்

உங்கள் வீட்டு ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியில் மூக்கு படும்படி நின்றால் தெரு முழுக்கத் தெரியும்: எதிர்வீடு, மளிகைக் கடை, முனையில் நிற்கும் ஆட்டோ. அப்படியே பின்னால் நடந்து எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்துப் பாருங்கள். அதே ஜன்னல்தான், ஆனால் எதிர்வீட்டு மாடியில் காயும் புடவை மட்டும்தான் இப்போது சட்டத்துக்குள் இருக்கும்.

கேமராவுக்குள் நடப்பதும் இதே கணக்குதான். ஜன்னல் சட்டம் இருக்கும் இடத்தில் சென்சார், கண் இருக்கும் இடத்தில் லென்ஸ். தூரத்துப் பொருளை ஃபோகஸ் செய்யும்போது லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே இருக்கும் தூரத்தைத்தான் ஃபோகல் லெங்த் என்கிறோம். பள்ளியில் குவியத் தூரம் என்று படித்தது இதையேதான். இது குறைவாக இருந்தால் அகலமான காட்சி கிடைக்கும், கூடினால் ஒரு சிறு துண்டு மட்டும் கிடைக்கும். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள சென்சாரை ஃபுல் ஃப்ரேம் என்பார்கள். அதில் 24 மி.மீ. லென்ஸ் போட்டால் பக்கவாட்டில் ஏறக்குறைய 74 டிகிரி தெரியும். 50 மி.மீ. என்றால் 40 டிகிரி. 200 மி.மீ. என்றால் வெறும் 10 டிகிரி.

ஜன்னலே சின்னதாக இருந்தால்? அதே இடத்தில் நின்றாலும் குறைவாகத்தான் தெரியும். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 23 மி.மீ. அதனால் அதில் மாட்டிய 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவு காட்சியைக் காட்டும். க்ராப் ஃபேக்டர் 1.5, 1.6 என்று சொல்வது இதைத்தான்.

ஜன்னல் உவமை ஓர் இடத்தில் நின்றுவிடும். அங்கே பின்னால் நடந்தது நாம். கேமராவில் நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம், லென்ஸ்தான் மாறுகிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் அடுத்த பகுதி குழம்பிவிடும்.

இதுவரை பார்த்தது: நின்ற இடத்திலிருந்து எவ்வளவு காட்சி படத்துக்குள் வரும் என்பதை ஃபோகல் லெங்த்தும் சென்சார் அளவும் தீர்மானிக்கின்றன. ஃபோகல் லெங்த் கூடிய டெலி லென்ஸ் எதையும் பக்கத்தில் இழுப்பதில்லை. ஒரு சிறு துண்டை எடுத்துப் படம் முழுக்கப் பரப்புகிறது, அதனால் அது பெரிதாகத் தெரிகிறது.

எங்கே நிற்கிறீர்கள்?

முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் இடையிலான அளவு விகிதத்தை பெர்ஸ்பெக்டிவ் என்கிறோம். ஃபோகல் லெங்த் குறைந்த வைட் லென்ஸ் அதை நீட்டுகிறது, டெலி லென்ஸ் அதை நசுக்குகிறது என்று பலரும் சொல்வார்கள். லென்ஸ் இதில் எதையும் செய்வதில்லை. பெர்ஸ்பெக்டிவை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் இடம் மட்டுமே.

தஞ்சைப் பெரிய கோவிலில் வைத்துக் கணக்குப் போடலாம். விமானம் 60 மீட்டருக்கு மேல் உயரம், கணக்குக்கு 60 என்றே வைத்துக்கொள்வோம். 1.7 மீட்டர் உயரமுள்ள நண்பர் விமானத்துக்கு 50 மீட்டர் முன்னால் நிற்கிறார். நீங்கள் அவரிடமிருந்து 2 மீட்டரில். ஒரு பொருள் படத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பது அதன் உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வரும். நண்பருக்கு 1.7-ஐ 2-ஆல் வகுத்தால் 0.85. விமானத்துக்கு 60-ஐ 52-ஆல் வகுத்தால் 1.15. அதாவது ராஜராஜன் எழுப்பிய அந்த விமானம், படத்தில் உங்கள் நண்பரைப் போல ஒன்றரை மடங்குகூட இல்லை!

அப்படியே பின்னால் நடந்து 20 மீட்டர் தள்ளிப் போங்கள். நண்பர் 0.085, விமானம் 60-ஐ 70-ஆல் வகுத்தால் 0.86. இப்போது விமானம் நண்பரைவிடப் பத்து மடங்கு பெரிது. கோவிலும் அதேதான், நண்பரும் அதே இடத்தில்தான் நிற்கிறார். நீங்கள் 18 மீட்டர் நடந்தீர்கள், அவ்வளவுதான்.

சரி, லென்ஸ் எங்கே வருகிறது? 20 மீட்டர் தள்ளி நின்று போனில் எடுத்தால் விகிதம் சரியாக வரும், ஆனால் நண்பர் கடுகளவு தெரிவார். வெட்டிப் பெரிதாக்கலாம். 4 மடங்கு பெரிதாக்கினால் 16-இல் ஒரு பங்கு பிக்சல்தான் மிஞ்சும். 24 மெகாபிக்சல் படம் 1.5 ஆகிவிடும். 200 மி.மீ.க்கு மேல் உள்ள லென்ஸை மாட்டினால் நண்பர் படத்தை நிறைப்பார், அவருக்குப் பின்னால் விமானத்தின் கோஷ்டங்களும் சிற்பங்களும் சுவர்போல எழுந்து நிற்கும். முழு விமானமும் வேண்டும், நண்பரும் பெரிதாக வேண்டும் என்றால் 2 மீட்டருக்கே திரும்பி வந்து வைட் லென்ஸ் மாட்ட வேண்டும். இரண்டும் நல்ல படங்களே. ஒன்றில் கோவிலின் பிரம்மாண்டம் பேசும், இன்னொன்றில் அங்கே வந்து நிற்கும் மனிதர் பேசுவார்.

என்னைக் கேட்டால் லென்ஸ் மாற்றுவதில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இதுதான். எங்கே நிற்பது என்பதை முதலில் முடிவு செய்யலாம். அந்த இடத்துக்கு ஏற்ற லென்ஸை அப்புறம் எடுத்து மாட்டலாம். ஒரே லென்ஸோடு இருப்பவர் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கும். லென்ஸுக்குள் காட்சி அடங்கும் இடத்தைத் தேடித் தேடி நகர்ந்து, கிடைத்த பெர்ஸ்பெக்டிவை ஏற்றுக்கொள்வார்.

முகங்களை எடுக்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டரில் நின்று எடுத்தால் மூக்குக்கு 50 செ.மீ., காதுக்கு 62 செ.மீ. காதோடு ஒப்பிட மூக்கு 24 சதவீதம் கூடுதலாக வீங்கித் தெரியும். செல்ஃபியில் தன் முகம் பிடிக்கவில்லை என்று வருந்துபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும், குறை முகத்தில் இல்லை, கை நீளத்தில் இருக்கிறது. 2 மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் 6 சதவீதமாகக் குறைந்துவிடும். முகப் படங்களுக்கு 85 மி.மீ. லென்ஸை எல்லோரும் சொல்வதற்கு முதல் காரணம், அது நம்மைப் பின்னால் தள்ளி நிற்க வைக்கிறது என்பதே.

எதிர்ப்பக்கமும் உண்டு. சென்னை பட்டினப்பாக்கம் கரையில் மணலில் ஏற்றி வைத்த படகின் மூக்கருகே, அரை மீட்டரில் குனிந்து வைட் லென்ஸில் எடுத்துப் பாருங்கள். படகின் முனை படத்திலிருந்து வெளியே பாய்வதுபோல நிற்கும், பின்பகுதி சட்டென்று சிறுத்துக் கடலோடு போய்ச் சேரும். வைட் லென்ஸ் என்றால் நிறையக் காட்சியை அடைப்பதற்கு என்று நினைப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு தூரத்தில் நிற்கிறார்கள், படம் வெறுமையாக வருகிறது. அது பக்கத்தில் போவதற்கான லென்ஸ்.

சில சமயம் எங்கே நிற்பது என்பது நம் கையில் இல்லை. காட்டு யானையிடம் போய் 2 மீட்டரில் நிற்க முடியாது. தமிழில் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். ஒரு கேமராவின் உடலையும் வேறொரு டெலி லென்ஸையும் தானே இணைத்து, அந்தக் கருவிக்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயர் வைத்திருந்தார். உடலும் லென்ஸும் தனித்தனி என்பதால்தான் தன் வேலைக்கேற்ற ஒன்றை அவரால் சேர்த்துக்கொள்ள முடிந்தது.

சுருக்கமாக: விகிதத்தைத் தருவது நீங்கள் நிற்கும் இடம். அங்கிருந்து எதைப் படத்தில் வைப்பது என்பதைத் தருவது லென்ஸ்.

பின்னணி ஏன் மங்குகிறது?

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்துக்கு அபெர்ச்சர் என்று பெயர். அதைச் சுருக்கலாம், விரிக்கலாம். ஃபோகல் லெங்த்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 என்றால் துவாரம் கிட்டத்தட்ட 28 மி.மீ. எண் சிறியதானால் துவாரம் பெரிது.

ஒரு நபரின் கண்ணை ஃபோகஸ் செய்கிறீர்கள். கண்ணின் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி துவாரம் முழுக்க நுழைந்து, கூம்பாகக் குவிந்து, சென்சாரில் மறுபடி ஒரே புள்ளியாகச் சேரும். அவருக்குப் பின்னால் தொலைவில் எரியும் விளக்கின் ஒளியும் அதேபோல நுழைகிறது, ஆனால் சென்சாருக்குக் கொஞ்சம் முன்னாலேயே குவிந்துவிடுகிறது. குவிந்த பிறகு மறுபடி விரிந்து, சென்சாரில் வட்டமாக விழுகிறது. அந்த வட்டம்தான் நாம் சொல்லும் ப்ளர். துவாரம் அகலமானால் கூம்பும் அகலம், வட்டமும் பெரிது. துவாரம் குறுகினால் கூம்பு ஊசிபோல மெலிந்து, வட்டம் புள்ளிக்கு அருகில் வந்துவிடும். முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறதோ அதை டெப்த் ஆஃப் ஃபீல்டு என்கிறோம்.

ஆக, ஒரே இடத்தில் நின்று ஒரே அளவு காட்சியை எடுத்தால், பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை முடிவு செய்வது துவாரத்தின் உண்மையான விட்டம். இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான போன்களின் முக்கிய கேமராவில் ஃபோகல் லெங்த் 5 முதல் 7 மி.மீ. எஃப்/1.8 என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் துவாரம் 3, 4 மி.மீ.தான். கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸ் 55-இல் எஃப்/5.6 என்றால் சுமார் 10 மி.மீ. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸில் 28 மி.மீ. 85 மி.மீ. எஃப்/1.8-இல் 47 மி.மீ. டிஎஸ்எல்ஆர் வாங்கியும் ‘அந்த ப்ளர்’ வரவில்லை என்பவரின் கேள்விக்குப் பதில் இந்த எண்களில் இருக்கிறது. மங்க வைப்பது உடல் அல்ல. மெகாபிக்சலும் அல்ல.

போனின் போர்ட்ரெய்ட் மோடு வேறு வழியில் போகிறது. எது முன்னால், எது பின்னால் என்று மென்பொருள் கணித்து, பின்னாலிருப்பதை மங்கலாக்குகிறது. வருடத்துக்கு வருடம் அது நன்றாகவே முன்னேறி வருகிறது. ஆனாலும் கலைந்த தலைமுடி, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, மல்லிகைச் சரத்தின் இடைவெளி போன்ற இடங்களில் தடுமாறும். லென்ஸில் இப்படி ஊகிக்க வேண்டியதே இல்லை, ஒளி அந்தந்தத் தூரத்துக்கு ஏற்ப தானே விரிகிறது.

பெரிய துவாரத்துக்கு இன்னொரு பயன், ஒளி. கிட் லென்ஸின் எஃப்/5.6-ஐவிட எஃப்/1.8 ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். பிரகாரத்தில் விளக்கு வெளிச்சம் மட்டும் இருக்கும்போது, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய இடத்தில் நூறில் ஒரு பங்கு போதும். நடக்கும் மனிதர் இழுபடாமல் பதிவாவார்.

ஒரே லென்ஸ் எல்லாவற்றையும் செய்யாதா?

ஃபோகல் லெங்த்தை மாற்றக்கூடிய லென்ஸ் ஜூம், மாறாதது ப்ரைம். அப்படியென்றால் 18-லிருந்து 600 வரை போகும் ஒரு ஜூம், எஃப்/1.8 துவாரத்தோடு செய்துவிடலாமே? எண்களைப் போட்டால் விடை கிடைத்துவிடும். 600 மி.மீ. லென்ஸில் எஃப்/4 வேண்டும் என்றாலே துவாரம் 150 மி.மீ., முன்கண்ணாடி ஒரு சிறு தட்டின் அகலம். பறவைகளை எடுப்பவர்கள் கிலோக் கணக்கில் சுமப்பது ஆடம்பரத்துக்காக அல்ல. எல்லாம் செய்யும் ஜூம் லென்ஸ் கையடக்கமாக இருக்கிறது என்றால் அதன் துவாரம் சிறியது, அல்லது அது நிற்கும் சென்சார் சிறியது. வேலைக்கொரு லென்ஸ் என்று பிரித்துக்கொள்வதே இதற்கு நடைமுறைத் தீர்வு.

போனில் மூன்று கேமரா இருக்கிறதே, அதுவும் லென்ஸ் மாற்றுவதுதானே என்று கேட்கலாம். காட்சியின் அகலத்தைப் பொறுத்தவரை ஆமாம், மிகவும் உதவும் வசதி அது. எங்கே நிற்பது என்ற பாடத்தை அதை வைத்தே கற்றுக்கொள்ளலாம். துவாரத்தைப் பொறுத்தவரை மூன்றுமே சில மில்லிமீட்டர்கள்தான்.

எறும்பும் பழைய லென்ஸ்களும்

மேக்ரோ என்பது மிகப் பக்கத்தில் போய் எடுப்பது. 1:1 என்றால் 1 செ.மீ. நீளமுள்ள கட்டெறும்பு சென்சாரிலும் 1 செ.மீ. நீளத்துக்கே விழும் என்று பொருள். இதற்கென்றே லென்ஸ்கள் உண்டு. அவற்றை வாங்காமலும் தொடங்கலாம். உடலுக்கும் லென்ஸுக்கும் இடையே எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்ற வெற்றுக் குழாயை மாட்டினால் போதும், உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. 50 மி.மீ. லென்ஸை 25 மி.மீ. முன்னால் தள்ளினால் பாதி அளவு, 50 மி.மீ. தள்ளினால் 1:1. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் இதற்கு வழியே இல்லை.

மவுண்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ. உள்ளே கண்ணாடி அசைய அந்த இடம் தேவைப்பட்டது. மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி இல்லை, அதனால் சோனி இ மவுண்டில் 18 மி.மீ.தான். மீதி 28.5 மி.மீ.-ஐ நிரப்பும் ஒரு வளையம் இருந்தால், பிலிம் காலத்து நிக்கான் லென்ஸ் இன்றைய சோனியில் உட்கார்ந்துவிடும். சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 என்ற 58 மி.மீ. லென்ஸை இப்படித்தான் இன்றும் தேடிப் பிடித்து மாட்டுகிறார்கள். இலைகள் நிறைந்த பின்னணியை அது சுழல்போல மங்க வைக்கும். ஒளியியல்படி அது குறைதான். அந்தக் குறைக்காகவே அதைத் தேடுகிறார்கள், எனக்கும் அந்தச் சுழல் பிடிக்கும். ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும்.

முதலில் எதை வாங்குவது?

இரண்டாவது லென்ஸாக எஃப்/1.8 ப்ரைம் ஒன்றை வாங்குங்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் முகங்களை அதிகம் எடுப்பவருக்கு 50 மி.மீ., வீட்டுக்குள்ளும் தெருவிலும் எடுப்பவருக்கு 35 மி.மீ. விலை கூடிய உடலுக்குப் போவதைவிட இதில் கிடைக்கும் மாற்றம் பெரிது. உடல்கள் சில ஆண்டுகளில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் அடுத்தடுத்த உடல்களோடும் வரும். வாங்குமுன் உங்கள் மவுண்டுக்கு உரியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றி மாட்டும்போது கேமராவை அணைத்து, அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். சென்சாரில் தூசி உட்காருவது குறையும். கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பழைய லென்ஸ் வாங்கினால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே நூல்நூலாக ஏதாவது படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புது லென்ஸுக்குக் காத்திருக்கும்போதே கிட் லென்ஸில் ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஜூமை 18-இல் வைத்து, நண்பரை 1 மீட்டரில் நிற்க வைத்து, பின்னால் தூரத்தில் ஒரு மரமோ கோபுரமோ தெரியும்படி எடுங்கள். அப்புறம் ஜூமை 55-க்குத் திருப்பி, நண்பர் முதல் படத்தில் இருந்த அதே அளவில் தெரியும்வரை பின்னால் போங்கள். ஏறக்குறைய 3 மீட்டரில் நிற்பீர்கள். இரண்டு படங்களிலும் நண்பர் ஒரே அளவு இருப்பார். பின்னால் உள்ள மரம் மட்டும் இரண்டாவதில் மூன்று மடங்கு பெரிதாக இருக்கும்.